ஈசா நபியின் பிறப்பும் பிறநாட்டாரின் திருநாளும்

கடந்த டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் பாடாலூர் அன்பர் ஒருவர் தம் மகளுடன் நம்மைக் காண வந்தார். ஐந்தாம் வகுப்பில் பயிலும் அச்சிறுமியின் கையில் ஓர் ஆல்பம் இருந்தது. வெளிநாடு ஒன்றில் கிறிஸ்துமஸ் எவ்வாறு கொண்டாடப்படுகிறது என்பதைப் படங்களுடன் எழுதி வருமாறு பள்ளியில் பணித்திருந்தார்கள். எந்த நாடு என்பதற்குச் சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு வந்தது எத்தியோப்பியா.

“ஹஜ்ரத், பிள்ளையை இதைச் செய்ய விடுவது கூடுமா? செய்யாவிட்டால் மதிப்பெண் போய்விடும். செய்தால் ஈமானுக்குப் பழுது வந்துவிடுமோ என்று இவள் தாயார் அஞ்சுகிறாள்” என்று அன்பர் கேட்டார்.

விடை கூறுமுன் நாம் ஆல்பத்தை வாங்கிப் புரட்டினோம். நெடுஞ்சாலையோரத்து ஜெராக்ஸ் கடையில் கணினியிலிருந்து எடுத்துத் தந்த வண்ணப் படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. பனி மூடிய வீடுகள், ஊசியிலை மரம், மான் பூட்டிய வண்டியில் சிவப்பங்கி அணிந்த தாடிக்காரர். தலைப்பில் மட்டும் எத்தியோப்பியா என்றிருந்தது. ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு, “ஈசா நபி (அலை) எங்கே பிறந்தார்கள், அவர்களைப் பெற்றெடுத்த வேளையில் அன்னை மர்யம் (அலை) எந்த மரத்தடியில் இருந்தார்கள்?” என்று சிறுமியைக் கேட்டோம். அவள் தந்தையின் முகத்தைப் பார்த்தாள். தந்தை நம் முகத்தைப் பார்த்தார். அப்பிள்ளை குர்ஆனை ஒருமுறை ஓதி முடித்தவள். சூரா மர்யமையும் பிழையின்றி ஓதுவாள். அவளுக்கு ஓதிக் கொடுத்தவர் நம்மிடம் கல்வி பயின்ற மாணவர். ஆகவே அந்த மௌனத்தில் நமக்கும் பங்கு உண்டு.

கூடுமா என்ற வினாவிற்கு அன்று நாம் சொன்ன விடை சுருக்கமானது. அதன் விரிவையே இங்கு எழுதுகிறோம். வினா ஒரு குடும்பத்திற்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலவழிப் பள்ளிகள் சிற்றூர்களுக்கும் வந்துவிட்ட காலம் இது. வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் நம் பிள்ளைகள் பலநாட்டுப் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கின்றனர். டிசம்பர் வந்தால் இவ்வினா ஏதேனும் ஒரு வீட்டில் எழுந்தே தீரும்.

முதலில் மூன்றைப் பிரித்தறிதல் வேண்டும். ஒரு திருநாளைப் பற்றி அறிவது ஒன்று. அத்திருநாளுக்குரியவர்களோடு அண்டை அயலாராக நல்லுறவு பேணுவது மற்றொன்று. அதன் வழிபாட்டில் பங்கு கொள்வது மூன்றாவது. கிறித்தவர்கள் இத்திருநாளில் இறைமகன் மனிதனாகப் பிறந்ததாக நம்பிப் போற்றுகின்றனர். நாமோ ஈசா (அலை) அவர்களை இறைவனின் அடியார், அவனுடைய தூதர், தந்தையின்றிக் கன்னித் தாயிடம் பிறந்த அற்புதர் என ஏற்கிறோம். இறைமகன் என ஏற்பதில்லை. எனவே மூன்றாவது நமக்கு உரியதன்று. இதில் நம் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. இரண்டாவதைப் பொறுத்தவரை, நம்மோடு போரிடாத, நம்மை நம் வீடுகளிலிருந்து வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதி வழங்குவதையும் இறைவன் தடுக்கவில்லை என்பது சூரா மும்தஹினாவின் எட்டாம் வசனம் தரும் தெளிவு. அன்னை அஞ்சியது முதலாவதைக் குறித்தே. அறிவதும் கூடாதோ என்பதே அவரது ஐயம்.

திருமறையே இதற்கு விடை வைத்திருக்கிறது. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஒரே பெண்மணி அன்னை மர்யம் (அலை) அவர்களே. 98 வசனங்கள் கொண்ட 19ஆம் அத்தியாயம் அவர்கள் பெயரையே தாங்கி நிற்கிறது. பேறுகால வேதனையில் அவர்கள் பேரீச்ச மரத்தடியை அடைந்ததும், காலடியில் நீரோடை உண்டானதும், மரத்தை உலுக்கக் கனிந்த பழங்கள் உதிர்ந்ததும், தொட்டில் குழந்தை வாய் திறந்து தாயின் தூய்மைக்குச் சான்று பகர்ந்ததும் அங்கு விரித்துரைக்கப்படுகின்றன. அரபு மொழி பயில்வோர் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. திருநாளைக் குறிக்க நாம் நாள்தோறும் வழங்கும் ‘ஈத்’ என்னும் சொல் குர்ஆன் முழுவதிலும் ஒரே இடத்தில்தான் வருகிறது. அதுவும் வானிலிருந்து உணவுத் தட்டு இறங்க வேண்டும் என ஈசா (அலை) அவர்கள் கேட்ட துஆவில் வருகிறது. சூரா மாயிதாவின் 114ஆம் வசனத்தை எடுத்துப் பார்க்கலாம்.

இனி நம் முன்னோர்களின் நடைமுறையைக் காண்போம். பிற சமயத்தாரின் திருநாள்களை அறிவதை அவர்கள் இழிவாகவோ ஆபத்தாகவோ கருதியதில்லை. குவாரிஸ்மில் கி.பி. 973இல் பிறந்த அபூ ரைஹான் அல்பிரூனி தம் முப்பதாம் வயதை எட்டுமுன், கி.பி. 1000ஐ ஒட்டி, ‘அல்ஆஸாருல் பாகியா’ என்னும் பெருநூலை இயற்றினார். யூதர், கிறித்தவர், பாரசீகர், சுக்தியர் முதலிய பல சமுதாயத்தாரின் நாள்காட்டிகளையும் திருநாள்களையும் அந்நூல் தொகுத்துரைக்கிறது. கிறித்தவர்களிலும் மெல்கிய்யாப் பிரிவினரின் திருநாள்கள் வேறு, நஸ்தூரிய்யாப் பிரிவினரின் திருநாள்கள் வேறு எனப் பகுத்து எழுதுகிறார் அவர். பிற்காலத்தில் இந்தியாவைப் பற்றி எழுதிய ‘கிதாபுல் ஹிந்த்’ நூலில் இந்துக்களின் விரதங்களையும் விழாக்களையும் இதே முறையில் விவரித்தார். உள்ளதை உள்ளவாறு சொல்வதும், அவரவர் நம்பிக்கையை அவரவர் வாய்மொழியாகவே எடுத்துரைப்பதும் அவரது நெறி. அந்நெறியால் அவரது ஈமான் குறைந்ததாக எவரும் சொன்னதில்லை.

கெய்ரோ நகரின் வரலாற்றாசிரியர் தகிய்யுத்தீன் அல்மக்ரீஸி (1364–1442) இன்னும் ஒருபடி நெருங்கி எழுதியுள்ளார். அந்நகரின் அங்காடிகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் பொறுப்பையும் வகித்தவர் அவர். ‘அல்கிதத்’ என்னும் நூலில் கிப்திக் கிறித்தவர்களின் மீலாதுத் திருநாளைப் பற்றிக் கூறுமிடத்தில், ஃபாத்திமிய அரசு அந்நாளில் அதிகாரிகளுக்கு இனிப்பு நிறைந்த தட்டுகளையும், ஜுலாப் என்னும் பானத்தையும், ஸலாபிய்யாப் பலகாரத்தையும், பூரி என்னும் மீனையும் வழங்கி வந்ததைக் குறிக்கிறார். தம் காலத்தில் கண்டதையும் சொல்கிறார். வண்ணம் தீட்டிய மெழுகுதிரிகளும் அழகிய உருவங்களும் அந்நாளையொட்டிக் கடைவீதியில் விற்கப்பட்டனவாம். உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்றில்லாமல் எல்லோரும் தம் பிள்ளைகளுக்காக அவற்றை வாங்கிச் சென்றனராம். அவற்றுக்கு ‘ஃபானூஸ்’ என்று பெயர். பின்னர் நாட்டின் செல்வம் குன்றியபோது அவ்வழக்கமும் அருகியது என்று முடிக்கிறார். இன்று ரமளான் இரவுகளில் எகிப்தியப் பிள்ளைகள் கையில் ஏந்தும் விளக்கிற்கும் ஃபானூஸ் என்பதே பெயராதல் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இத்தகைய கலப்பை ஏற்காத அறிஞர்களும் இருந்தனர். அல்மக்ரீஸிக்கு ஒரு தலைமுறைக்கு மேல் முற்பட்ட இமாம் இப்னு தைமிய்யா (1263–1328) தம் ‘இக்திளாவுஸ் ஸிராத்தில் முஸ்தகீம்’ நூலில், பிற சமயத்தாரின் திருநாள்களில் அவர்களைப் போன்று நடந்துகொள்வதை வன்மையாக மறுத்துள்ளார். அம்மறுப்பை நாம் மதிக்கிறோம். எனினும் ஒன்றை மறந்துவிடலாகாது. மறுத்து எழுதுவதற்கும் அவர் அத்திருநாள்களின் செய்திகளை அறிந்திருக்க வேண்டியிருந்தது. அறியாமையின் மேல் நின்று அவர் பேசவில்லை. வரலாறு எழுதியவரும் மறுப்பு எழுதியவரும் ஒன்றுபடும் இடம் இதுவே: இருவரும் அறிந்து பேசினர்.

சிறுமிக்குச் சீட்டில் வந்த நாட்டைப் பற்றியும் கூற வேண்டும். எத்தியோப்பியா நமக்கு அயல்நாடன்று. நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், ஏறத்தாழ கி.பி. 615இல், மக்காவின் கொடுமை தாளாத முஸ்லிம்கள் தஞ்சம் புகுந்த அபிசீனியா அதுவே. அகதிகளைத் திருப்பி அனுப்புமாறு குறைஷியர் தூதர்கள் வந்து கேட்டபோது, கிறித்தவ மன்னர் நஜாஷியின் அவையில் ஜஅஃபர் பின் அபீதாலிப் (ரலி) எழுந்து நின்று ஓதியது சூரா மர்யமின் தொடக்கப் பகுதி. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்து, இப்னு ஹிஷாமின் ஸீராவில் இடம்பெற்ற அச்செய்தியின்படி, மன்னர் தாடி நனைய அழுதார். அவையிலிருந்த பாதிரிமாரும் அழுதனர். அந்த நஜாஷி இறந்தபோது மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவருக்காக ஜனாஸாத் தொழுகை நடத்தியதை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது. ஈசா (அலை) அவர்களின் பிறப்பைப் பற்றிய இறைவசனங்கள் அரபு மண்ணுக்கு வெளியே ஒரு பிறசமய அவையில் ஓதப்பட்டு, நம் முதல் தலைமுறைக்குப் புகலிடம் பெற்றுத் தந்த நாடு அது.

அந்நாட்டில் இத்திருநாள் ‘லிதெத்’ என்றும் ‘கெனா’ என்றும் பெயர் பெறும். டிசம்பர் 25இல் அன்று, ஜனவரி 7இல் அது வரும். பழைய ஜூலியன் நாள்காட்டி இக்கால நாள்காட்டியினின்றும் 13 நாள் பின்தங்கியிருப்பதே காரணம். எகிப்தின் கிப்தியருக்கும் அதே நாள்தான். எகிப்தில் 2003 முதல் அது அரசு விடுமுறை நாளாகவும் உள்ளது. எத்தியோப்பியக் கிறித்தவர்கள் திருநாளுக்கு முன் 43 நாள்கள் இறைச்சி, பால், முட்டை நீக்கி நோன்பு காக்கின்றனர். திருநாளன்று வெண்ணிறப் பருத்தி ஆடை உடுத்து இரவு முழுதும் வழிபாட்டில் நிற்கின்றனர். பாறையைக் குடைந்தெடுத்த 11 கோயில்களையுடைய லாலிபெலா என்னும் ஊருக்குத் திரள்திரளாக நடந்து செல்கின்றனர். தெஃப் என்னும் சிறுதானிய மாவைப் புளிக்க வைத்துச் சுட்ட இஞ்சேரா அப்பமும் கோழிக் குழம்பும் நோன்பு முடிக்கும் உணவு. பிற்பகலில் ஆடவர் வளைந்த கழி கொண்டு பந்தாடுவர். அவ்விளையாட்டின் பெயரும் கெனா. ஈசா நபி பிறந்த செய்தி கேட்ட இடையர்கள் தம் கோல்களால் ஆடிய ஆட்டம் அது என்பது அவர்கள் வழக்கு. பனியில்லை, மான் வண்டியில்லை, சிவப்பங்கிக்காரரும் இல்லை. அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். அவர்கள் இத்திருநாளைக் கொண்டாடாமலும் வெறுக்காமலும் அண்டை வீட்டாராகத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர்.

அவ்வாறாயின் சிறுமியின் ஆல்பத்தில் இருந்த பொருள்கள் எங்கிருந்து வந்தன? டிசம்பர் 25ஆம் நாளையே ஈசா நபியின் பிறந்தநாளாக இன்ஜீல் எங்கும் குறிக்கவில்லை. கி.பி. 354இல் ரோமில் தொகுக்கப்பட்ட நாட்குறிப்பு ஒன்றிலேயே அந்நாள் தெளிவாகக் காணப்படுகிறது. ஊசியிலை மரம் ஜெர்மானியரின் வழக்கம். 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பம் அம்மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் லண்டன் இதழ் ஒன்றில் வெளியான பின்னரே ஆங்கிலேயரிடம் அது பெருகிப் பரவியது. சிவப்பங்கிக்காரரின் மூலம் நான்காம் நூற்றாண்டில் மைரா நகரில் வாழ்ந்த நிக்கோலஸ் என்னும் ஆயர். அந்நகரம் இன்று துருக்கியின் அந்தாலியா மாகாணத்தில் தெம்ரே என்ற பெயரில் இருக்கிறது. டச்சுக்காரர் வழியே அவர் அமெரிக்கா சென்று, 1863 முதல் தாமஸ் நாஸ்ட் என்னும் ஓவியர் தீட்டிய படங்களால் உருமாறி, பின்னர் வணிகர்களின் விளம்பரங்களில் குடியேறினார். ஆக, நம் பிள்ளைகள் மட்டுமன்றிக் கிறித்தவப் பிள்ளைகளும் ‘கிறிஸ்துமஸ்’ என்று கற்பது பெரும்பாலும் கடைத்தெருவின் கிறிஸ்துமஸையே.

மாட்டுத் தொழுவக் குடிலின் வரலாறு நாம் அறியவேண்டிய ஒன்று. பிறப்பின் காட்சியை உயிருள்ள மாடும் கழுதையும் கொண்டு இத்தாலியின் கிரெச்சோ என்னும் சிற்றூரில் 1223இல் அமைத்துக் காட்டியவர் அசிசியின் பிரான்சிஸ். அவரே நான்காண்டுகளுக்கு முன், 1219இல், ஐந்தாம் சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த தமியாத் போர்க்களத்தில், படைவரிசைகளைக் கடந்து சென்று ஸுல்தான் ஸலாஹுத்தீனின் தம்பி மகனாகிய ஸுல்தான் அல்மலிகுல் காமிலைச் சந்தித்தவர். ஸுல்தான் அவரை மதிப்புடன் கேட்டு, தீங்கின்றித் திருப்பி அனுப்பினார். சமயம் மாறவில்லை இருவரும். ஆயினும் போர்க்களத்தின் நடுவே ஒருவர் சொன்னதை மற்றவர் பொறுமையோடு கேட்டார். ஒவ்வொரு டிசம்பரிலும் குடிலைக் காணும் நம் பிள்ளை இவ்வரலாற்றை அறிந்திருந்தால், அவன் பார்வையில் வெறுப்பும் இராது, மயக்கமும் இராது.

பிறந்த ஊராகிய பெத்லஹேமில் இத்திருநாள் ஒருமுறை அன்று, மூன்று முறை வருகிறது. லத்தீன் கிறித்தவருக்கு டிசம்பர் 25, கிரேக்க மரபினருக்கு ஜனவரி 7, ஆர்மீனியருக்கு ஜனவரி 19. உமர் (ரலி) அவர்கள் அவ்வூர்க் கோயிலின் தென்புற வளைவில் தொழுததாகவும், முஸ்லிம்கள் அங்குக் கூட்டாகத் தொழலாகாது எனச் சாசனம் எழுதித் தந்ததாகவும், பத்தாம் நூற்றாண்டு அலெக்சாந்திரியக் கிறித்தவத் தலைவர் ஸயீத் பின் பித்ரீக் எழுதியுள்ளார். 1860இல் எழுந்த உமர் பள்ளிவாசல் இன்றும் அக்கோயிலுக்கு எதிர்ப்புறத்தில் அதே சதுக்கத்தில் நிற்கிறது. காஸாவின் மீது நடந்த போரினால் 2023, 2024 ஆகிய ஈராண்டுகளும் பெத்லஹேமில் விழாக்கோலம் கைவிடப்பட்டது. வழிபாடு மட்டுமே நடந்தது. 2025 டிசம்பரிலேயே சதுக்கத்தில் மீண்டும் மரம் ஒளியேற்றப்பட்டது. பலஸ்தீனக் கிறித்தவரின் துயரத்தையும் நம் துயரமாக உணர வேண்டுமாயின் பிள்ளைகள் இதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்திகள் என்று எண்ண வேண்டா. பாடாலூரிலிருந்து கிழக்கே அரியலூர் சென்று, அங்கிருந்து கொள்ளிடக் கரை நோக்கிப் போனால் ஏலாக்குறிச்சி வரும். திருக்காவலூர் என்பது அதன் இலக்கியப் பெயர். இத்தாலியில் 1680இல் பிறந்து, 1711இல் தமிழகம் வந்த வீரமாமுனிவர் தங்கிப் பணியாற்றிய ஊர் அது. அவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி 36 படலங்களும் 3615 பாடல்களும் உடையது. ஈசா நபியின் பிறப்பைத் தமிழ்க் காப்பிய நெறியில் பாடுவது. ஓர் அயல்நாட்டவர் தம் சமயச் செய்தியைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பியபோது தம் நாட்டுப் பனியையும் மரத்தையும் இங்குக் கொண்டுவரவில்லை. தமிழைக் கற்று, தமிழின் ஐந்திணை வளத்திலேயே அதைச் சொன்னார். திருச்சிராப்பள்ளியை ஆண்ட சந்தா சாகிபைக் காண்பதற்காகப் பாரசீகமும் உருதும் கற்றார் என்றும், நவாபு அவரைச் சிறப்பித்து ‘இஸ்மத்தி சந்நியாசி’ என்று பட்டம் தந்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

அவருக்கு முன்பே நம் உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை வயலும் வாய்க்காலுமாகத் தமிழ் மண்ணில் இறக்கி வைத்துவிட்டார். அடுத்தடுத்த தலைமுறையில் தோன்றிய இவ்விரு காப்பியங்களும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. தன் சமயத்தைத் தன் மொழியில் நிறைவாக அறிந்தவனே பிறர் சமயத்தை அச்சமின்றி அறிய முடியும். நம் சிறுமியின் ஆல்பத்தில் பிழை நேர்ந்தது அவள் கிறிஸ்துமஸைப் பற்றி அறிந்ததால் அன்று. நம் மர்யமையும் அறியாமல், அவர்களுடைய கெனாவையும் அறியாமல், இடையில் கிடந்த வெற்றிடத்தைக் கடைச்சரக்குகள் நிரப்பியதால் நேர்ந்த பிழை அது.

ஆகவே மக்தப் ஆசிரியர்களுக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. டிசம்பர் மாதத்தில் ஒரு வார காலம் சூரா மர்யமின் முதல் 40 வசனங்களைத் தமிழில் பொருள் சொல்லிக் கதையாக நடத்துங்கள். அதனோடு நஜாஷி மன்னரின் அவையைச் சொல்லுங்கள். நாம் எங்கே ஒன்றுபடுகிறோம், எங்கே வேறுபடுகிறோம் என்பதை வசைச்சொல் இன்றித் தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளை பள்ளியில் பிறநாட்டுத் திருநாளைப் பற்றி எழுத நேர்ந்தால், அல்பிரூனியைப் போல் உள்ளதை உள்ளவாறு எழுதப் பழக்குங்கள். வழிபாட்டில் நிற்கவோ, வேடம் அணியவோ பணித்தால், ஆசிரியரிடம் பெற்றோர் நேரில் சென்று பணிவுடன் விலக்குக் கேட்கட்டும். கூடாது என்பதை மட்டும் பிள்ளையிடம் சொல்லி, காரணத்தை மறைத்தால், அவன் நாளை வேறெங்கோ அக்காரணத்தைத் தேடுவான்.

அன்று அச்சிறுமி மஃரிபு பாங்கு வரை நம்மோடு அமர்ந்திருந்தாள். பனிப் படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். அவ்விடத்தில் வளைந்த கழியோடு பந்தாடும் சிறுவர்களை அவளே வரைந்தாள். அவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் ஓர் அரசவையும், நின்றவாறே ஓதும் ஒரு மனிதரும் இடம்பெற்றனர். ஜஅஃபர் (ரலி) அவர்களின் முகத்தை வரையலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றோம். முகமிருக்கும் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அவர் ஓதிய சூராவின் முதல் எழுத்துகளாகிய ‘காஃப் ஹா யா ஐன் ஸாத்’ என்பதை அரபியில் எழுதினாள். எழுதி முடித்ததும், “அத்தா, இதற்கு அடுத்தது எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அர்த்தம் மட்டும் யாரும் சொன்னதில்லை” என்றாள்.

மறுநாள் முதல் அம்மக்தபில் பொருள் சொல்லும் பாடம் தொடங்கிற்று. ஏனைய மக்தபுகளிலும் அது தொடங்க இறைவன் அருள்வானாக.